கட்டைக்குள் புகுந்த நாதம்

நாதத்தை இறைவனின் வடிவாகவே கொண்டு போற்றியது நம் சமயம். திருக்கோயிற் பூசையில் மணியும் சங்கும் தவிலும் நாதஸ்வரமும் பெறுகின்ற இடம், மலரும் தீபமும் பெறுகின்ற இடத்துக்கு எவ்வாற்றானும் குறைந்ததன்று. அத்தகைய நாதத்தை ஊதுவார் ஊதாமலும், மீட்டுவார் மீட்டாமலும், விரலாற் கட்டை ஒன்றை அழுத்திய அளவிலே எழுப்பிக் காட்டும் கருவி ஒன்று இன்று நம் கலைவிழா மேடைகளில் வந்து அமர்ந்துவிட்டது. 'கீபோர்ட்' என யாவரும் வழங்கும் மின்னிசைப் பலகையே அது. பொத்தான் ஒன்றை அழுத்தினால் வீணை. மற்றொன்றை அழுத்தினாற் புல்லாங்குழல். இன்னொன்றை அழுத்தினால் தபேலா. இளைஞர் மகிழ்கின்றனர், முதியோருட் சிலர் முகஞ் சுளிக்கின்றனர்.

மகிழ்வதற்கும் சுளிப்பதற்கும் முன்னர் நாம் அறியவேண்டியவை சில உள. இவ்வொலிகள் பலகைக்குள் எவ்வாறு புகுந்தன? அவற்றை முதலில் இசைத்த கை யாருடையது? புகும்போது அவை எதனைக் கொண்டு வந்தன? எதனை வாயிலிலேயே விட்டு வந்தன? தேவாலயத்து ஓர்கனும் முன்னேசுவரத்து நாதஸ்வரமும் ஒரே கடற்காற்றில் மிதந்து வரும் சிலாபத்தில் வாழும் எமக்கு, இவ்வினாக்கள் வெறும் புத்தக வினாக்கள் அல்ல. எம்மில் மிஷன் பாடசாலையிற் கற்றோர் காலையிற் கட்டைகளின் இசையையும், மாலையிற் கோயிலிற் குழலின் இசையையும் கேட்டே வளர்ந்தோம். ஆதலின் இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்தித்த வரலாற்றை ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

ஒரு சொல் கூறும் வரலாறு

பாடகர் ஒருவரை நோக்கி, "உங்கள் சுருதி யாது?" என வினவினால், "ஒன்றரைக் கட்டை" என்றோ, "ஐந்து கட்டை" என்றோ விடை வரும். இந்தக் கட்டை ஆர்மோனியத்தின் கட்டையே ஆகும். வெள்ளைக் கட்டைகளை ஒன்று முதல் ஏழு வரை எண்ணி, இடையில் நிற்கும் கறுப்புக் கட்டைகளை ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை என நம் இசைவாணர் வழங்கினர். மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது. மூன்றாம் வெள்ளைக் கட்டைக்கும் நான்காவதற்கும் இடையே கறுப்புக் கட்டை இல்லாமையே காரணம். மேலைநாட்டுக் கட்டைவரிசை நம் இசையின் பேச்சு மொழிக்குள்ளேயே குடிபுகுந்துவிட்டது என்பதற்கு இச்சொல் ஒன்றே போதிய சான்றாகும்.

ஆர்மோனியம் 1840களின் தொடக்கத்தில் பாரிஸ் நகரத்து அலெக்சாந்தர் தெபேன் என்பவராற் செய்யப்பெற்றது. அது காலால் மிதித்துக் காற்றூட்டும் கருவியாக இருந்தது. 1875ஆம் ஆண்டளவிற் கல்கத்தாவைச் சேர்ந்த துவாரகநாத் கோஷ், தரையில் அமர்ந்தவாறே ஒரு கையாற் காற்றூட்டி மறு கையால் வாசிக்கத்தக்கதாக அதனை மாற்றியமைத்தார். மிஷனரிமாரின் செபக்கூடம், நாடகக் கொட்டகை, பஜனை மடம் ஆகிய மூவிடத்தும் அது பரவியது. தூக்கிச் செல்ல எளிது, சுருதி கலையாது, கற்க எளிது. வேறென்ன வேண்டும்?

ஆர்மோனியம் பரவிய அதே காலத்தில் இன்னோர் இயந்திரமும் பிறந்தது. 1877ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோமஸ் எடிசன், ஒலியைப் பதிந்து மீட்டும் போனோகிராப்பை ஆக்கினார். கால்நூற்றாண்டு கழிந்து, 1902ஆம் ஆண்டிற் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பேர்க் கல்கத்தாவுக்கு வந்து, கௌஹர் ஜான் முதலிய பாடகிகளின் குரலை இசைத்தட்டிற் பதிந்தார். பாடியவர் ஓரிடத்திருக்க, அவர் பாட்டு வேறிடத்தில் ஒலித்தது.

எடிசனின் கருவி பிறந்த அதே 1877இற் கொழும்பிற் பிறந்தவர் ஆனந்த குமாரசுவாமி. கலையின் பெருமையை உலகுக்குணர்த்திய அவ்வீழத்தமிழர், 1909ஆம் ஆண்டிற் கொழும்பில் வெளிவந்த தம் ஆங்கிலக் கட்டுரைத் தொகுதியிற் கிராமபோனைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றே வரைந்தார். கலைஞனின் கைக்கும் ஒலிக்கும் இடையே இயந்திரம் புகுவதை அவர் விரும்பவில்லை. மனிதக் குரலை முதலிடத்திலும், தந்தியோடு விரல் நீங்காதிருக்கும் யாழினக் கருவிகளை அதனை அடுத்தும் வைத்தார். பியானோவையே தாழ்த்திக் கூறிய அவர், சுவை கெட்டமைக்கு முதற்சான்று கிராமபோன் என்றும், அடுத்த சான்று ஆர்மோனியம் என்றும் கருதினார். மனிதனின் இடத்தில் இயந்திரத்தை வைத்தாற் கலைஞனின் பிழைப்பும் கெடும், சமுதாயத்தின் உயிரும் வாடும் என்பது அவர் வாதம்.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். ஆர்மோனியத்திற் கட்டை இருந்தது. நம் கருவிகளின் ஒலி இல்லை. கிராமபோனில் நம் கருவிகளின் ஒலி இருந்தது. அதனை நம் விருப்பப்படி இசைக்கக் கட்டை இல்லை. குமாரசுவாமி தனித்தனியே வெறுத்த இவ்விரு இயந்திரங்களும் பின்னர் ஒன்றையொன்று மணந்துகொண்டன. அம்மணத்திற் பிறந்த பிள்ளையே இன்றைய மின்னிசைப் பலகை.

ஆர்மோனியத்தின் மேலெழுந்த வழக்கு

குமாரசுவாமி தனித்து நின்று பேசினார் அல்லர். மகாகவி பாரதியாரும் தம் சங்கீதக் கட்டுரையில் ஆர்மோனியத்தைக் கடுமையாகச் சாடியுள்ளார். டெல்லி வானொலி நிலையத்தில் மேலை இசைப் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த ஆங்கிலேய இசையறிஞர் ஜோன் போல்ட்ஸ் அக்கருவிக்கு எதிராக எழுதினார். கவி தாகூரும் அதனை விலக்கவேண்டுமென 1940 ஜனவரியிற் கல்கத்தா நிலையத்துக்கு எழுதினார். 1940 மார்ச் 1ஆம் நாள் தொடக்கம் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கிற்று. 1971இலேயே அத்தடை ஓரளவு தளர்த்தப்பெற்றது.

இத்துணைப் பகைக்குக் காரணம் யாது? இரண்டு குறைகளை எடுத்துக் கூறினர். ஒரு தாயியில் அடங்கும் ஒலிவெளியைப் பன்னிரண்டு சமபங்காக வெட்டிக் கட்டைகளாக நிறுத்துவது மேலைநாட்டு முறை. இயற்கையாகத் தந்தியிற் பிறக்கும் அந்தர காந்தாரம் ஐந்துக்கு நான்கு என்னும் விகிதத்தில் நிற்பது. கட்டையின் காந்தாரமோ அதனினும் சற்றே உயர்ந்தது. அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடைப்பட்ட தூரத்தை நூறு கூறாக்கினால், இவ்வேறுபாடு ஏறத்தாழப் பதினான்கு கூறாகும். பயிற்சி பெற்ற செவிக்கு இது கல்லிடறுவது போன்றது. இரண்டாவது குறை இதனினும் பெரிது. கட்டையிலிருந்து கட்டைக்குத் தாவலாமேயன்றி வழுக்கிச் செல்லல் இயலாது. கமகமே உயிராகிய நம் இசைக்கு இஃது எவ்வளவு இடையூறு என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

சுரங்களின் தானம் எது என்பதைப் பற்றி நம் அறிஞரும் வாளாவிருக்கவில்லை. தஞ்சையில் வாழ்ந்த கிறிஸ்தவப் பெரியார் ஆபிரகாம் பண்டிதர், 1917இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலில் தாயியை இருபத்துநான்கு சுருதிகளாகப் பகுத்துக் காட்டினார். காரைதீவிற் பிறந்து, கணிதமும் பௌதிகமும் கற்று, துறவு பூண்டு, இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கிய சுவாமி விபுலாநந்தர், பழந்தமிழரின் யாழ்களைக் கணக்கினால் மீளக் கட்டி 'யாழ் நூல்' தந்தார். அந்நூல் 1947 ஜூன் மாதத்திற் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறிற்று. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். குமாரசுவாமி மறைந்ததும் அதே 1947இல்தான்.

விபுலாநந்த அடிகளின் முயற்சியை நாம் இவ்விடத்தில் நினைப்பதற்குக் காரணம் உண்டு. மறைந்துபோன கருவி ஒன்றின் ஒலியை மீட்பதற்கு அவருக்குக் கிடைத்தவை ஏட்டுச் சொற்களும் எண்களுமே. யாழை வாசித்த பாணர் எவருடைய ஒலியும் எதனிலும் பதியப்பெறவில்லை. வாழும் கருவிகளின் ஒலியைப் பதிய வாய்த்த தலைமுறை நாம். இவ்வாய்ப்பை நழுவவிட்டால், அடிகள் பட்ட பாட்டையே நம் பேரர் மீண்டும் படவேண்டிவரும்.

நாடாவிற் கட்டிய ஒலி

இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் காந்தநாடா பரவிற்று. ஒலியை வெட்டவும் ஒட்டவும் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் அது இடந்தந்தது. பாரிஸ் வானொலியிற் பணியாற்றிய பியேர் ஷேப்பர், ரயில் ஓசை முதலிய இயற்கை ஒலிகளைக்கொண்டே 1948இல் இசை கோத்தார். 1950களின் தொடக்கத்தில் அவர் அமைத்த 'போனோஜேன்' என்னும் கருவியிற் பன்னிரண்டு கட்டைகள் இருந்தன. உள்ளே சுழலும் நாடா வளையம் ஒன்றே. அழுத்தும் கட்டைக்கேற்ப அதன் வேகம் மாறும். ஆகவே பதிந்த ஓர் ஒலியே பன்னிரண்டு சுரமாகியது. கனடா நாட்டு ஹியூ லிகெயின் இவ்வழியையே பின்பற்றி, 1955இல் ஒரே ஒரு நீர்த்துளி விழும் ஒலியைப் பதிந்து, அதன் வேகத்தை மாற்றி மாற்றி ஒரு முழு இசைக்கோவையையே ஆக்கினார்.

அமெரிக்காவில் ஹரி சேம்பர்லின் என்பவர் வேறு வழி கண்டார். அவர் ஒவ்வொரு கட்டைக்கும் தனித்தனி நாடா வைத்தார். வயலின்காரர் ஒருவரை அழைத்து, ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வாசிக்கச் செய்து, தனித்தனி நாடாவிற் பதிந்து, உரிய கட்டையின் கீழே பொருத்தினார். இக்கருவியைப் பின்பற்றி 1963இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரிற் பிறந்ததே 'மெலோட்ரோன்'. நாடா ஒவ்வொன்றும் எட்டு நொடி அளவே ஓடும். அதன்பின் கட்டையை விட்டு மீள அழுத்தவேண்டும். பீட்டில்ஸ் குழுவினர் 1967இல் வெளியிட்ட 'ஸ்ட்ரோபெரி பீல்ட்ஸ்' பாடலின் தொடக்கத்திற் கேட்கும் புல்லாங்குழல் இக்கருவியில் எழுந்ததே.

ஓரொலியைப் பல கட்டைக்கு நீட்டுவது ஒருவழி. கட்டைக்கு ஓரொலியாகப் பதிவது மறுவழி. முன்னது எளிது, ஆயின் ஒலி சிதையும். பின்னது இயல்பானது, ஆயின் உழைப்பு மிகும். பின்வந்த கருவிகள் யாவும் இவ்விரு வழிகளுக்கும் நடுவே நிற்பவையே.

எண்ணாகிய ஒலி

அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து இளைஞர் இருவர், பீட்டர் வோகலும் கிம் றையரியும், கணினியினால் இயற்கை ஒலிகளைப் புதிதாக ஆக்க முயன்றனர். எவ்வளவு முயன்றும் ஒலி உயிரற்றதாகவே இருந்தது. அந்நிலையில் வோகல், வானொலியிற் கேட்ட பியானோ இசையில் ஏறத்தாழ ஒரு நொடியைக் கணினியிற் பதிந்து, கட்டைகளில் வெவ்வேறு உயரத்தில் எழுப்பிப் பார்த்தார். தாங்கள் ஆக்க முயன்ற எதனினும் அது மெய்யாக ஒலித்தது. ஆக்குவதை விட்டுப் பதிவதைப் பற்றினர். 1979இல் அவர்களின் 'பெயர்லைட்' கருவி வெளிவந்தது. 'சாம்பிளிங்' என்னும் சொல்லை இத்தொழிலில் வழக்குக்குக் கொண்டுவந்தவர்களும் அவர்களே. தமிழில் நாம் அதனை ஒலிமாதிரி எடுத்தல் எனலாம்.

அக்கருவி வசதி படைத்தோர்க்கே எட்டுவதாயிருந்தது. 1981இல் அமெரிக்காவில் 'எமுலேட்டர்' வந்தது. பார்வையற்ற இசைமேதை ஸ்டீவி வொண்டரின் தூண்டுதலால் 1984இல் ரே கேர்ஸ்வைல் அமைத்த கருவி, பெரும் பியானோவின் ஒலியைச் சிறப்புறக் காட்டிற்று. இடையே 1983இல், எந்நிறுவனத்தின் கருவியும் மற்றொன்றோடு பேசத்தக்க 'மிடி' என்னும் பொதுமொழி உருவாயிற்று. அதில் ஒவ்வொரு கட்டைக்கும் 0 முதல் 127 வரை ஓர் எண் உண்டு. நடுத்தாயியின் ஒன்றாம் கட்டைக்கு எண் 60. கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்தினோம் என்பதற்கும் அவ்வாறே ஓர் எண் உண்டு.

இனிப் பதியும் முறையைச் சுருங்கக் கூறுவோம். ஒலியலையின் உயரத்தை ஒரு நொடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாக எழுதுவது இன்று பெருவழக்கு. ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு பைட் இடம் வேண்டும். ஆக நொடிக்கு 88,200 பைட். நாதஸ்வரம் ஒன்றினைப் பதிய விழைந்தோமாயின், அமைதியான இடத்தில் வித்துவானை அமர்த்தி, ஒவ்வொரு சுரத்தையும் கமகமின்றி நான்கு நொடி ஊதச் செய்து, மெல்லென ஒருமுறையும் இடைத்தரமாக ஒருமுறையும் ஓங்கி ஒருமுறையும் பதிதல் வேண்டும்.

எல்லாச் சுரங்களையும் பதிய வேண்டுமா? ஒரு சுரத்தின் பதிவை ஒரு தாயி உயர்த்தி எழுப்பினால், நான்கு நொடி ஒலி இரண்டு நொடியாகச் சுருங்கும். முதிர்ந்த ஆடவர் குரல் சிறுவர் குரலாகிவிடும். ஆனால் ஒரு கட்டை மேலோ ஒரு கட்டை கீழோ நகர்த்தினாற் செவிக்கு வேறுபாடு தோன்றாது. ஆதலின் மூன்று கட்டைக்கு ஒன்றாகப் பதிந்து, ஒவ்வொரு பதிவையும் அதன் சொந்தக் கட்டைக்கும் இருபுறத்து அயற்கட்டைக்கும் பங்கிடுவர். மூன்று தாயிக்கு முப்பத்தாறு கட்டை. பதியவேண்டிய சுரம் பன்னிரண்டு. மும்மூன்று வலிமையாக முப்பத்தாறு பதிவுகள். மொத்தம் ஏறத்தாழ 1 கோடியே 27 இலட்சம் பைட். பெயர்லைட் கருவியில் ஒரு குரலுக்கு இருந்த இடமோ 16,384 பைட் மட்டுமே. அன்று பெருஞ்செல்வர்க்கும் எட்டாதிருந்தது இன்று நம் சட்டைப்பைக் கைப்பேசியிற் பல்லாயிரம் மடங்காக அடங்கியுள்ளது.

பதிந்தபின் செய்வன மூன்று. ஒலி எழுமுன் உள்ள வெற்றிடத்தை வெட்டிவிடல். இல்லையேற் கட்டை அழுத்தியபின் ஒலி பிந்தி வரும். சுருதியைச் சரிபார்த்தல். மூன்றாவதாக, ஒலியின் நடுப்பகுதியில் ஒருசிறு துண்டை ஒட்டுத் தெரியாமல் வளையமாக்கல். கட்டையை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் ஒலி நீடிப்பது இவ்வளையத்தினாலேயே. மூச்சுவிடாமல் முடிவின்றி ஊதும் அந்நாதஸ்வரத்தைக் கேட்போர், அதனை ஊதிய மனிதர் நான்கு நொடியே ஊதினார் என்பதை அறிவதில்லை.

தமிழகத்து மேடையில்

தென்னாட்டில் மின்னிசை முதலில் நுழைந்தது சுருதிப் பெட்டியாகவே. பெங்களூர்ப் பொறியியலாளரும் குழலிசை வல்லவருமாகிய ஜி. ராஜ் நாராயண் 1979இல் மின்தம்புராவை ஆக்கினார். தம்புரா கமகத்தை வேண்டாத கருவி; ஆதலின் அதனை வித்துவான்கள் பெரிதும் எதிர்க்கவில்லை.

திரையிசையிலேயே கட்டையின் ஆட்சி முழுமை பெற்றது. ஏ. ஆர். ரஹ்மானின் தந்தையார் ஆர். கே. சேகர், மலையாளத் திரையிசையில் உழைத்தவர். அவர் 1976இல் மறைந்தபின், அவர் விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டே குடும்பம் பிழைத்தது. 1967இற் பிறந்த மகன் அக்கருவிகளோடேயே வளர்ந்து, 1989இற் சென்னையில் தம் வீட்டிலேயே 'பஞ்சதன்' ஒலிப்பதிவுக்கூடத்தை நிறுவினார். 1992இல் 'ரோஜா' வெளிவந்தது. கணினியிலிருந்த ஒலிமாதிரிகளையும் நேரிற் பாடியோர் வாசித்தோரையும் அவர் இணைத்த முறை தமிழிசை கேட்போரின் செவியையே மாற்றிற்று.

கட்டையினால் வழுக்கிச் செல்ல இயலாது என்ற பழைய குறைக்கும் பரிகாரந் தேடினர். மின்னிசைப் பலகையின் இடப்புறத்திற் சுருதியை வளைக்கும் சிறு சக்கரம் ஒன்றுண்டு. அதனை இடக்கையால் அசைத்துக் கமகம் காட்டிக் கருநாடக இசைக் கச்சேரியே செய்பவர் சென்னையைச் சேர்ந்த கே. சத்தியநாராயணன். ரஹ்மானோ, 2009இல் வெளிவந்த 'டெல்லி-6' படத்தின் 'ரெஹ்னா து' பாடலிற் 'கொண்டினியம்' என்னும் கருவியைக் கையாண்டார். அதிற் தனிக்கட்டைகளே இல்லை; விரல் வழுக்கும் இடமெல்லாம் சுரம் வழுக்கும் ஒரே பரப்பு. கட்டையைப் பிடித்து நூறாண்டு நடந்தபின், கட்டையையே கழற்றியெறிய நேர்ந்ததைப் பார்த்தீர்களா?

கட்டைக்கு வெளியே நின்றது

எனினும் எல்லாம் அடங்கிவிடவில்லை. நாதஸ்வர வித்துவான் துளையைப் பாதி மூடியும், சீவாளியில் உதட்டின் பிடியை மாற்றியும், மூச்சை ஏற்றியிறக்கியும் ஒரு சுரத்தை அடுத்த சுரத்துக்குள் கரைக்கிறார். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதன்று. அசைந்துகொண்டிருப்பதே அதன் உருவம். 1904இல் எட்டயபுரத்தில் வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி', சுரங்களோடு கமகக் குறிகளையும் இட்டு அச்சிட்டது. கமகத்தைச் சுரத்தினின்று பிரித்தற்கில்லை என்பதை அப்பெரியார் அறிவார். நாமோ பதியும் வசதிக்காகக் கமகத்தை நீக்கிவிட்டுச் சுரத்தை மட்டும் வாங்கிக்கொள்கின்றோம்.

தவிலையும் எண்ணிப் பாருங்கள். வலந்தலையில் கூடணிந்த விரல்கள், தொப்பியிற் கோல். இரண்டும் எழுப்பும் ஒலிகள் விரலின் கோணத்துக்கும் தோலின் சூட்டுக்கும் ஏற்ப மாறுவன. 1975இல் நாற்பத்திரண்டு வயதுகூட நிரம்பாமல் மறைந்த யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலைத் தமிழகமே வியந்தது. அவர் ஒலி இன்று நம்மிடம் எஞ்சியிருப்பது கச்சேரிப் பதிவுகளில். அப்பதிவுகளிலிருந்து ஓரடியை வெட்டியெடுத்து ஒரு கட்டையின் கீழே வைக்கலாம். அவ்வடி தெட்சணாமூர்த்தியின் அடியே. ஆனால் அடுத்த அடியை எங்கே வைப்பது என்று முடிவு செய்த அறிவு அந்தக் கட்டைக்குள் வரவில்லை. ஒலி புகுந்தது, அறிவு வெளியே நின்றுவிட்டது. ஒலிமாதிரியின் எல்லை இதுவே.

ஒலிக்கு உரியவர் யாவர்?

மெலோட்ரோன் வந்தபொழுது, இயந்திரம் தம் வேலையைப் பறிக்குமென்று பிரித்தானிய இசைக்கலைஞர் சங்கம் கவலைப்பட்டது. குமாரசுவாமி 1909இற் கூறியதும் அதுவே. கவலை வீணானதன்று. பெயர்லைட் கருவியில், ஸ்ட்ராவின்ஸ்கியின் 'தீப்பறவை' இசைத்தட்டிலிருந்து எடுத்த ஓர் ஒலி வைக்கப்பெற்றிருந்தது. அது பல பாடல்களிற் புகுந்து உலகஞ் சுற்றியது. அதனை வாசித்த குழுவினர் யாவரென்று கேட்டவர் அரிது. இதனினும் வருந்தத்தக்கது கிரெகரி கோல்மன் என்னும் அமெரிக்க மேளவாத்தியக்காரரின் கதை. 1969இல் அவர் ஒரு பாடலின் நடுவே வாசித்த ஆறேழு நொடித் தாளம், பின்னாளில் ஆயிரக்கணக்கான பாடல்களில் வெட்டி ஒட்டப்பெற்றது. அதற்காக அவர் ஒரு காசும் பெறாமல், 2006இல் வறுமையில் இறந்தார்.

கோயில்களின் நிலையையும் நாம் காண்கின்றோம். பூசை வேளைக்குப் பொத்தானை அழுத்தினால், மணியும் முரசும் தாமே முழங்கும் மின்னியந்திரம் சில ஆலயங்களில் வந்துவிட்டது. செலவு குறைவு என்பர். ஆயின் அக்குறைந்த செலவு யாருடைய அடுப்பிலிருந்து குறைந்தது? வாத்தியகாரருக்குத் திருவிழாவில் மட்டுமே வேலை என்றானால், அவர் தம் மகனின் கையிற் குழலைக் கொடுக்கத் தயங்காரோ? மகன் கற்கவில்லையெனில், நாளை பதிவதற்கும் ஒலி ஏது?

எமது கடமை

ஆகவே கருவியைப் பழிப்பதாலும் பயனில்லை. அதற்கு அடிமையாவதாலும் பயனில்லை. ஆர்மோனியத்தைப் பழித்த பெரியோர் சொல்லிய குறைகள் உண்மையே. எனினும் அது நம் பஜனைகளில் நிலைத்துவிட்டது. மின்னிசைப் பலகையும் நிலைத்துவிடும். அதனுள் எவருடைய ஒலி, எவருடைய ஒப்புதலோடு, எவருடைய பெயரோடு இருக்கப்போகின்றது என்பதே நாம் தீர்மானிக்கத்தக்கது.

கடையில் வாங்கும் பலகைகளில் உள்ள இந்திய ஒலிகள் எங்கோ, எவராலோ தெரிந்தெடுக்கப்பெற்றவை. எமது கரையின் ஒலிகளை எம்மையன்றி வேறு யார் பதிவர்? முன்னேசுவரத் திருவிழாவில் வாசிக்கும் நாதஸ்வர, தவில் வித்துவான்கள் உளர். உடப்பில் திரௌபதியம்மன் விழாக்காலத்து முழக்கங்கள் உள. கரைவலை இழுப்போர் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றோர் ஏற்றுப்பாடும் அம்பாப் பாடல்கள் உள. வலையிழுக்க இயந்திரம் வந்த கரைகளிற் கைகளுக்கு வேலை குறைந்தது. கைகளை ஒருமிக்கச் செய்த பாட்டுக்கும் வேலை குறைந்தது. அம்பாவைச் சுரந்துண்டாக வெட்டிக் கட்டையில் வைத்தாற் பயன் சிறிது. அதனை முழுமையாக, இழுப்பின் மூச்சோடும் அலையின் ஓசையோடும், பதிந்து வைத்தலே தகும்.

நம் சங்கத்து இளைஞர்க்கு நாம் முன்வைப்பவை இவை. ஒரு கைப்பேசியும், ஒரு நல்ல ஒலிவாங்கியும், 'ஓடாசிட்டி' போன்ற இலவச மென்பொருளும் தொடங்குவதற்குப் போதும். பூசை நேரத்தில் இடையூறு செய்யாமல், வித்துவானிடமும் ஆலயப் பெரியோரிடமும் முன்னரே ஒப்புதல் பெறுக. அவர் நேரத்துக்குத் தக்க சன்மானம் கொடுக்க; தாம்பூலத்தோடு கொடுப்பின் இன்னும் நன்று. ஒவ்வொரு பதிவோடும் அவர் பெயர், ஊர், குரு, கருவியின் சுருதி, நாள் ஆகியவற்றை எழுதுக. தனிச் சுரங்களைப் பதிந்த பின்னர், அவர் விரும்பிய இராகம் ஒன்றையும் முழுமையாக வாசிக்கச் செய்து பதிக. சுரம் கட்டைக்கு, இராகம் வருந்தலைமுறைக்கு. பதிவின் படிகளை மூன்றிடத்தில் வைக்க. ஓரிடத்திலிருப்பது இழப்பதற்கே இருப்பது.

இவற்றைச் செய்தபின் கட்டையிலே நம் ஊர் நாதஸ்வரம் ஒலிக்கட்டும். பாடம் பயிலவும் புதிய இசை கோக்கவும் அது உதவட்டும். ஆனால் சுவாமி வீதியுலா வரும் வேளையில், முன்னே செல்வது மூச்சுள்ள மனிதராகவே இருத்தல் வேண்டும். கலைவிழாவுக்குப் பலகையை வாடகைக்கு எடுக்கும் பணத்தில் ஒரு பங்கை, ஒரு சிறுவன் தவில் கற்பதற்கு ஒதுக்குவோமாயின், குமாரசுவாமியின் கவலைக்கு நாம் செயலால் விடை கூறியவர் ஆவோம்.

யாழை வாசித்த பாணரின் ஒலியை நம் முன்னோர் நமக்கு விட்டுச்செல்லவில்லை. அவர்களிடம் அதற்குரிய கருவி இல்லை. நம்மிடம் கருவி உண்டு. வாசிப்போரும் இன்னும் உளர். இரண்டும் ஒருங்கிருக்கும் காலம் நீளாது. இளைஞர் முன்வருக, பெரியோர் வழிகாட்டுக, நாதவடிவாகிய இறைவன் துணைநிற்பானாக.